பீடா வாசத்தில் ஒரு திருநீற்றுப்பச்சை: இனிப்பு வாசத்தை விதையில் பிடிக்க முடியுமா?

வாசகர் கேள்வி, 9 மார்ச் 2024
சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கும் திருநீற்றுப்பச்சை ஒரு வாரம் தேனாக மணக்கிறது, மறுவாரம் கற்பூரம் மாதிரி அடிக்கிறது. நல்ல வாசம் உள்ளதிலிருந்து விதை எடுத்துப் போட்டாலும் அந்த வாசம் திரும்ப வருவதில்லை. இனிப்பு வாசத்தை மட்டும் பிடித்து நிறுத்த முடியுமா? வெளிநாட்டில் கஞ்சாச் செடியிலேயே பழ வாசம் வரவழைக்கிறார்களாம். அதே முறை இதற்கும் பொருந்துமா?

9 மார்ச் 2024, இரவு 10.20
முடியும். ஆனால் ஒரே விதைப்பில் முடியாது.

கஞ்சா பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே அதில் ஒரு செடி வளர்ப்பதும் குற்றம். 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. வெளிநாட்டுக்குப் போய்ப் புகைத்தாலும் சிங்கப்பூரருக்குச் சட்டம் பொருந்தும். அந்தச் செடியைத் தொடாமலே அதன் பாடத்தைத் திருநீற்றுப்பச்சையில் படிக்கலாம், ஏனென்றால் வாசத்துக்கான சரக்கில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொது. பூ வாசம் தரும் லினலூல், எலுமிச்சைத் தோல் வாசம் தரும் லிமோனின், மாங்காய்ப் பால் நெடி உள்ள மைர்சீன் எல்லாம் இரண்டு செடியிலும் உண்டு. இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத சுரப்பி முடிகளில்தான் எண்ணெய் தங்குகிறது. இலையைத் தேய்த்தால் அந்தக் குமிழ்கள் உடையும், வாசம் வரும்.

திருநீற்றுப்பச்சையில் நமக்கு வேண்டியவை நான்குதான். லினலூல் பூ வாசம். மெத்தில் சவிகோல் சோம்பு வாசம். யூஜினால் கிராம்பு வாசம். மெத்தில் சின்னமேட் பட்டை வாசம், சிலருக்கு அது பழுத்த ஸ்ட்ராபெரியாகவும் படும். கற்பூர நெடியும் உண்டு, அதைத்தான் விரட்ட வேண்டும்.

9 மார்ச் 2024, இரவு 11.05
எழுத விட்டுப்போனது: வாசம் தாய் வழி. எந்தச் செடியில் விதை கட்டுகிறதோ அதன் வாசம்தான் மேலோங்கும். அதனால் நல்ல வாசம் உள்ளதைத் தாயாக வையுங்கள்.

(2 ஜூலையில் சேர்த்தது: இது தவறு. கீழே அந்தத் தேதியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். படிப்பவர்கள் குழம்பக்கூடாது என்பதால் அழிக்காமல் விட்டிருக்கிறேன்.)

16 மார்ச் 2024
இன்று காலை கலப்புச் சேர்க்கை ஆரம்பம். தாய், பச்சைத் தண்டுள்ள இத்தாலிய வகைத் திருநீற்றுப்பச்சை. சூப்பர்மார்க்கெட்டில் தொட்டியோடு கிடைப்பது, லினலூலும் கொஞ்சம் கிராம்பும் மணக்கும். தந்தை, ஊதாத் தண்டுள்ள தாய்லாந்து வகை. ஈரச்சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து இரண்டு குச்சியைத் தண்ணீரில் போட்டு வேர்விட வைத்தது, அப்பட்டமான சோம்பு வாசம்.

ஊதாத் தண்டை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். பச்சைத் தாயில் கட்டிய விதை ஊதாச் சாயலோடு முளைத்தால் சேர்க்கை நடந்திருக்கிறது. பச்சையாகவே முளைத்தால் தாய் தன் மகரந்தத்திலேயே விதை கட்டிக்கொண்டது. சோதனைச்சாலை எதுவும் வேண்டாம், தண்டு நிறமே சாட்சி.

கை வேலை இப்படி. பூக்கதிரில் ஒவ்வொரு அடுக்கிலும் ஆறு பூ. மறுநாள் விரியப்போகும் மொட்டு, நுனி கொஞ்சம் நீண்டு, வெள்ளை தெரியத் தெரிய மூடியிருக்கும். அதன் வெள்ளை இதழை ட்வீசரால் பிடித்து மெதுவாக இழுத்தால் இதழோடு நான்கு மகரந்தக் கேசரங்களும் சேர்ந்தே வந்துவிடும், ஏனென்றால் அவை இதழில்தான் ஒட்டியிருக்கின்றன. பச்சைப் புல்லிக்குள் தலைமுடி கனத்தில் சூல்தண்டு மட்டும் நிற்கும். மறுநாள் காலை அதன் நுனி பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். தந்தைச் செடியின் பூ ஒன்றைக் கிள்ளி, அதன் கேசரத்தை அந்த நாக்கில் தொட்டால் போதும். ஒரு பூவில் அதிகபட்சம் நான்கு விதை.

கதிர் முழுவதையும் வலைப்பையால் மூடிவிட்டேன். ஏழாம் மாடிக்கும் தேனீ வரும். கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் வலைப்பை இதற்கென்றே தைத்ததுபோல் இருக்கிறது. நூலை இறுக்கினால் எறும்புகூட நுழையாது.

17 மார்ச் 2024
காரிடாரில் வைப்பவர்களுக்கு ஒன்று. நடக்க 1.2 மீட்டர் விட்டாக வேண்டும், இது தீ பாதுகாப்பு விதி. தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், ஏடிஸ் கொசு.

21 ஏப்ரல் 2024
22 பூவில் 37 விதை. ஈரத் துணியில் வைத்ததும் ஒவ்வொன்றும் நீலச் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக ஊதிக்கொண்டது. ஆமாம், ரோஸ் மில்க்கில் மிதக்கும் சப்ஜா இதேதான். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்ப் பெரியம்மா) பார்த்துவிட்டு "செலாசி!" என்றார், மலாயில் இதன் பெயர். பண்டுங் என்ற ரோஜாப் பால் கலக்கும்போது அவர்கள் போடுவதும் இதுதான்.

27 ஏப்ரல் 2024
29 முளைத்தன. 24 நாற்றில் தண்டு ஊதா, 5 பச்சை. அந்த ஐந்தும் நான் தாமதமாக இதழ் பிடுங்கிய கடைசி அடுக்கிலிருந்து வந்திருக்க வேண்டும். ஐந்தையும் பிடுங்கி ரசத்தில் போட்டோம்.

2 ஜூலை 2024
மார்ச் மாதம் "வாசம் தாய் வழி" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

இடையில் தலைகீழாகவும் ஒரு சேர்க்கை செய்திருந்தேன். ஊதாச் செடி தாய், பச்சை தந்தை. இரண்டு வகைக் குழந்தைகளையும் அருகருகே வைத்து மோந்தால் வித்தியாசமே இல்லை. முதல் தலைமுறை முழுவதும் ஒரே முகம், ஒரே வாசம்: சோம்பு முன்னால், பூ பின்னால். தாய் மாறியும் வாசம் மாறவில்லை. ஊரில் சொல்லக் கேட்டதை நான் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். அதைப் படித்து யாராவது விதை எடுத்திருந்தால் மன்னிக்கவும்.

முதல் தலைமுறையில் ஏமாற்றம் அடைந்து செடியை எறிந்துவிடாதீர்கள். பெற்றோரின் குணங்கள் கலைந்து புதிய கூட்டணி சேர்வது இரண்டாம் தலைமுறையில்தான். முதல் தலைமுறைச் செடியைப் பை போட்டு மூடி, தன் மகரந்தத்திலேயே விதை கட்டவிட வேண்டும். பைக்குள் தேனீ இல்லாததால் விதை குறையும். தினமும் காலையில் பையோடு சேர்த்துக் கதிரை விரலால் இரண்டு முறை தட்டிவிட்டால் சரியாகிவிடும்.

5 ஜூலை 2024
"எங்கள் வீட்டில் கிருஷ்ண துளசியும் திருநீற்றுப்பச்சையும் தேனீயால் கலந்துவிட்டன" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அப்படி நடந்திருக்காது. பூ ஒரே சாயல், குடும்பம் ஒன்று, ஆனால் இனம் வேறு, குரோமோசோம் எண்ணிக்கையும் வேறு. தொட்டியில் பழைய விதை விழுந்து முளைத்திருக்கும்.

எலுமிச்சை வாசத் துளசி கொஞ்சம் வேறு கதை. அதுவே இரண்டு இனங்கள் கலந்து பிறந்தது. அதைத் திருநீற்றுப்பச்சையோடு சேர்க்க நானும் போன வருடம் பார்த்தேன். 40 பூவில் 3 விதை, ஒன்று முளைத்தது. அழகாக வளர்ந்து கதிர் கதிராகப் பூத்தது, ஒரு விதைகூடக் கட்டவில்லை. இனம் தாண்டிய பிள்ளைகளுக்கு இது நடக்கும். 'ஆப்பிரிக்கன் புளூ' என்ற ஊதா நரம்புத் துளசியை இங்கே பல தோட்டங்களில் தேனீக்காக நட்டிருப்பார்கள். 1983இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு நாற்றங்காலில் பீட்டர் போர்சார்ட் என்பவர் கண்டெடுத்தது. கற்பூரத் துளசியும் 'டார்க் ஓபல்' துளசியும் தானாகக் கலந்த மலட்டுச் செடி அது. உலகம் முழுவதும் இருப்பது குச்சி வைத்தே பெருக்கியதுதான். விதை கட்டாவிட்டாலும் குச்சி இருந்தால் செடி சாகாது.

19 அக்டோபர் 2024
நீண்ட நாள் எழுதவில்லை, மூக்கு வேலை அதிகம்.

இரண்டாம் தலைமுறையில் 64 நாற்று. காரிடார் கொள்ளாது. புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்தியைப் பெரியவர் ஒருவர் விட்டுக்கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஐஸ்கிரீம் குச்சியில் எண்.

64 செடியும் 64 விதம். சில நிமிர்ந்தவை, சில புதர். சுருண்ட இலை, ஊதா இலை, பாதி ஊதா. வாசத்தில் பெரும்பாலானவை சோம்பு. பத்துக்கும் மேல் வெறும் புல் வாசம். நான்கு செடி கிராம்பு மட்டும், பல் வலிக்கு வைக்கும் எண்ணெய் மாதிரி. 17ஆம் எண் இலையைத் தேய்த்தபோதுதான் நின்றுவிட்டேன். முதலில் கல்கண்டும் சோம்பும், உடனே ரோஜாவுக்குப் பக்கத்தில் ஒரு பூ வாசம், கடைசியில் தொண்டைக்குள் கிராம்பு. சிராங்கூன் சாலையில் இரவு சாப்பிட்டுவிட்டு இனிப்பு பீடாவைப் பிரிக்கும்போது வருமே, அதே வாசம். சோம்பு, கிராம்பு, குல்கந்து எல்லாம் ஒரு இலையில்.

பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மோந்து, "தம்பி, வெத்தலை எங்கே?" என்றார்.

20 அக்டோபர் 2024, காலை
17ஐ மறுபடி மோந்தேன். வெறும் சோம்பு. நேற்று வந்தது வரவில்லை.

20 அக்டோபர் 2024, மாலை
வந்துவிட்டது. காலையில் மோந்தது கீழே இருந்த முதிர்ந்த இலை, அதுவும் மழை ஈரத்தோடு. நேற்று மோந்தது நுனிக் கொழுந்து, வெயில் பட்டது. ஒரே செடியில் இவ்வளவு வித்தியாசம் என்றால், 64 செடியில் நான் செடியைத் தேர்ந்தெடுத்தேனா, இலையைத் தேர்ந்தெடுத்தேனா?

26 அக்டோபர் 2024
அந்தக் கேள்வி ஒரு வாரம் தூங்கவிடவில்லை. எனக்குப் பிடித்திருந்த ஆறு செடிகளில் ஐந்து, பாத்தியின் வெயில் பக்கத்தில் இருந்தவை. வெயில் அதிகம் பட்டால் எண்ணெய் அதிகம் சுரக்கும், வாசமும் தூக்கலாக இருக்கும். நான் செடிக்குக் கொடுத்த மதிப்பெண்ணில் பாதியை வெயில் வாங்கியிருக்கிறது.

சரி, இனி இப்படித்தான் செய்யப்போகிறேன். ஆறிலிருந்தும், நிழல் பக்கத்திலிருந்து இன்னும் நான்கிலிருந்தும் மூன்று மூன்று குச்சி. ஒரே மண், ஒரே அளவு தொட்டி, ஒரே இடம், வாரம் ஒருமுறை இடம் மாற்றி வைப்பது. குச்சி தாயின் அச்சு என்பதால், ஒரே இடத்தில் வைத்த பிறகும் மிஞ்சும் வித்தியாசம்தான் செடியின் சொந்தக் குணம். மோப்பதும் ஒரே நேரத்தில், காலை ஒன்பது மணிக்கு, பனி காய்ந்த பிறகு, நுனியிலிருந்து இரண்டாவது ஜோடி இலை.

மூக்கும் களைத்துவிடும். ஐந்து செடிக்கு மேல் தொடர்ந்து மோந்தால் எல்லாமே சோம்பாகத் தெரிகிறது. சட்டைக் கையை இரண்டு மூச்சு மோந்துவிட்டுத் தொடர்ந்தால் தெளிகிறது.

2 நவம்பர் 2024
ரசாயனத்தில் ஆர்வம் உள்ளவர்கள் கேட்டதற்காக ஒரு சிறு விலகல். "டெர்பீன் சேர்க்கையைப் பார்த்தாலே வாசத்தைச் சொல்லிவிடலாமே, மூக்கு எதற்கு?" என்று ஒருவர். லினலூல், லிமோனின், மைர்சீன் போன்ற வாசப் பொருள்களுக்குப் பொதுப் பெயர்தான் டெர்பீன். கஞ்சா ஆய்விலேயே அந்த நம்பிக்கை உடைந்துவிட்டது. 2021இல் வந்த ஆய்வு, அதன் நெடிக்குக் காரணம் டெர்பீன் அல்ல, மிகச் சிறிய அளவில் உள்ள கந்தகச் சேர்மங்கள் என்று காட்டியது. 2023இல் வந்த இன்னொன்று, இனிப்பு, பழ வாசங்களின் வேறுபாட்டுக்கும் டெர்பீன் அல்லாத சிறு அளவுச் சேர்மங்களே காரணம் என்றது. அளவில் பெரியது வாசத்திலும் பெரியது என்றில்லை. சமையலில் பெருங்காயம் எவ்வளவு போடுகிறோம்?

திருநீற்றுப்பச்சையிலும் வேலை நொதிகளின் கையில். ஒரே மூலப்பொருளை ஒரு நொதி எடுத்தால் லினலூல், இன்னொன்று எடுத்தால் ஜெரானியால், அது மேலும் மாறினால் எலுமிச்சை வாசம் தரும் சிட்ரால். சோம்பும் கிராம்பும் வேறு பாதையில் வருபவை. அதனால்தான் பூவும் சோம்பும் கிராம்பும் ஒரே செடியில் சேர இடம் இருக்கிறது. ஒன்று கூடினால் மற்றது குறைந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

16 நவம்பர் 2024
அடி இலைகளில் மஞ்சள் திட்டு, திருப்பினால் சாம்பல் தூள். அடிச்சாம்பல் நோய். மழைக்காலம் ஆரம்பித்தால் இதுதான். 64இல் 23 போய்விட்டன. 17ஆம் எண்ணும் போய்விட்டது.

குச்சிகள் காரிடாரில் பத்திரமாக இருக்கின்றன. மூன்று வாரத்துக்கு முன்பு வெயிலின் மேல் சந்தேகப்பட்டுக் குச்சி எடுத்திராவிட்டால் இந்த இழையை இன்றோடு மூடியிருப்பேன்.

நோய் தாங்கும் வகைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சைமன் குழு பல ஆண்டு வேலைக்குப் பின் 2018இல் வெளியிட்டது. ஆனால் அவை இத்தாலிய வகை வாசம். அவற்றோடு 17ஐச் சேர்க்கலாம் என்ற எண்ணம் இருக்கிறது, இன்னும் விதை வாங்கவில்லை.

விதை வாங்குவது பற்றி ஒரு வருத்தம். இணையத்தில் ஒரு கடையில் பட்டை வாசத் துளசி என்று 6 வெள்ளிக்கு வாங்கினேன். முளைத்தது சாதாரணத் தாய்லாந்து வகை. பட்டை வாசம் கிடைத்திருந்தால் இந்தக் கதை எங்கேயோ போயிருக்கும். இரண்டு மாதம் வளர்த்த பிறகுதான் தெரிகிறது என்பதுதான் கொடுமை.

14 டிசம்பர் 2024
குச்சி ஒப்பீடு முடிந்தது. மக்சிக், பெரியவர், மேல்மாடிச் சீன ஆன்ட்டி மூவரையும் கண்ணைக் கட்டி மோக்கச் சொன்னேன். ஆன்ட்டி வீட்டில் இதன் பெயர் ஒன்பது அடுக்குக் கோபுரம், பூக்கதிர் அடுக்கடுக்காக நிற்பதால். ஹக்கா சீன மக்களின் லெய் சா என்ற அரைத்த தேநீர் உணவில் அரைத்துச் சேர்ப்பார்களாம். அவர் மூக்கு எங்கள் எல்லோரையும்விடக் கூர்மை.

எனக்குப் பிடித்திருந்த ஆறில் நான்கு, சம வெளிச்சத்தில் வைத்ததும் சாதாரணமாகிவிட்டன. நிழல் பக்கத்தில் நான் ஒதுக்கியிருந்த 52ஆம் எண் மூவரிடமும் மேலே வந்தது. பூ வாசம், சோம்பு லேசாக. 17 மூவருக்கும் முதலிடம். பீடா என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. மக்சிக், "கல்யாண வீட்டு சிரே மாதிரி" என்றார். அதுவும் வெற்றிலைதான்.

22 டிசம்பர் 2024
சுவை பற்றிக் கேட்டவருக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு 17இன் இலையை மெல்லுங்கள். துவர்ப்பு, கொஞ்சம் கசப்பு, அவ்வளவுதான். மூக்கை விட்டதும் வாயெல்லாம் இனிப்பு. நாக்கில் சர்க்கரை எதுவும் இல்லை, தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசத்தைத்தான் இனிப்பு என்கிறோம்.

கொதிக்கும் தண்ணீரில் போட்டால் பூ வாசம் ஆவியோடு போய்விடும், கிராம்பு மட்டும் மிஞ்சும். பனங்கற்கண்டுப் பாகை ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் இலையைக் கசக்கிப் போட்டு, மூடி வைத்து, ஒரு இரவு குளிர்சாதனப் பெட்டியில். மறுநாள் வடிகட்டிக் குளிர்ந்த பாலில் கலந்து, ஊறிய சப்ஜா ஒரு கரண்டி. விதையும் இலையும் ஒரே குடும்பத்தில் இருந்து வந்து ஒரே தம்ளரில் சேர்வதில் எனக்குத் தனி சந்தோஷம். வீட்டில் பெரியவள் மூன்று தம்ளர் குடித்தாள்.

1 பிப்ரவரி 2025
17இன் குச்சியைப் பை போட்டு எடுத்த விதையிலிருந்து மூன்றாம் தலைமுறை, 31 செடி. பள்ளியில் படித்த, மெண்டலின் பட்டாணிச் செடி மூன்றுக்கு ஒன்று கணக்கை எதிர்பார்த்திருந்தேன். 31இல் பீடா வாசம் தெளிவாக உள்ளவை 6. சோம்பு தூக்கலாக 15, கிராம்பு 4, மீதி ஒன்றும் சொல்ல முடியாதவை.

கணக்கு உதைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பட்டாணியில் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டிரண்டு. திருநீற்றுப்பச்சை நான்மடியம், அதாவது நான்கு தொகுதி குரோமோசோம், மொத்தம் 48. ஒரு குணத்துக்கு இரண்டு இடத்தில் மரபணு இருக்கலாம். அதோடு பீடா என்பது ஒரு குணம் அல்ல, மூன்று வாசத்தின் விகிதம். மூன்றும் அதே அளவில் ஒரு நாற்றில் மறுபடி சேர வேண்டும். 31இல் 6 வந்ததே நல்ல சேதி என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் கேள்வி கேட்டவருக்கு: உங்கள் விதையில் வாசம் திரும்பாததற்கு இதுதான் காரணம். சந்தைக் கட்டில் எந்தச் செடியை எது தொட்டது என்று யாருக்கும் தெரியாது. தேனாக மணக்கும் கட்டு அடுத்த முறை கிடைத்தால் விதைக்குக் காத்திருக்காதீர்கள். பூக்காத தண்டு ஒன்றை நான்கு அங்குலம் வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தம்ளர் தண்ணீரில் வையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும்.

8 பிப்ரவரி 2025
அந்த ஆறில் இலை சுத்தமாக இருப்பவை நான்கு. நான்குக்கும் இன்று பை போட்டுவிட்டேன். 17இன் குச்சிகள் ஒன்பது வேர்விட்டு நிற்கின்றன. ஈசூன் பக்கம் இருப்பவர்கள் ஞாயிறு காலை சமூகத் தோட்டத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம், தொட்டி மட்டும் கொண்டு வாருங்கள். இரண்டு குச்சி ஆன்ட்டிக்கும் மக்சிக்குக்கும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.